ஈரத் துணிக்குள் ஒரு முகம்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நீங்கள் சின்னவளுக்கு அனுப்பிய பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டித் திருப்பி அனுப்புகிறேன். களிமண் செதுக்கும் கம்பிகளும் மரக் கத்திகளும் பரீட்சை எழுதப் போகிற பெண்ணுக்கு எதற்கு?

அவள் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிறாள். அதற்குப் பிறகு அக்கவுண்ட்ஸ். இது முடிவான விஷயம். எங்கள் லிஃப்ட் கம்பெனியிலேயே கணக்குப் பிரிவுக்கு எப்போதும் ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏசி அறை, மேசை, நாற்காலி. சாயங்காலம் கைப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். என் மகள் சாயங்காலம் வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு மேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று சொல்வது உங்கள் உத்தியோகம். அதை உங்கள் பள்ளிக்கூடத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் ஒரு தடவை சொன்னீர்கள். பெரியவன் கடலுக்கடியில் வெல்டிங் செய்யப் போனான். இரண்டு வருஷமாகிறது. அவனும் வரவில்லை, அவன் உடம்பும் வரவில்லை.

போன் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால், அன்றைக்கு நீங்கள் போனில் சொன்னதுதான் எனக்குத் திரும்பக் கேட்கும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதுங்கள். படிப்பேன் என்று உறுதி சொல்ல முடியாது.

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

படிக்கமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லாமல் விட்டாயே, அதற்காகவே எழுதுகிறேன்.

என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்து திரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்தவள் நான். திட்ட வேண்டுமென்றால் ‘நீ’ என்றே திட்டு. இந்த மரியாதை ரொம்ப வலிக்கிறது.

கருவிகளைக் கேட்டது அவள்தான். “அத்தை, டீஸ்பூனை வச்சுத்தான் செய்யறேன், கண்ணு இமை வரவே மாட்டேங்குது” என்று செய்தி அனுப்பியிருந்தாள். கடையில் விசாரித்து வாங்கினேன். கூடவே அறிவுரை எதுவும் அனுப்பவில்லை. அறிவுரை சொல்கிற நிலையில் நான் இல்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளியில் என் அறை உனக்குத் தெரியும். கல்லூரிக் கையேடுகள் அடைத்த அலமாரி, ஒரு மேசை, எதிரில் சுழல் நாற்காலி. லீவுக்கு என்னிடம் வந்திருந்தபோது பெரியவன் அதில் உட்கார்ந்துதான் சுற்றிக்கொண்டே பேசினான். இப்போது அதில் எந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும் முதல் நிமிஷம் அவன்தான் உட்கார்ந்திருக்கிறான். தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருக்கும். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தால் யாரோ ஒரு பெண், நாடகத்துக்கு விளக்கு அமைக்கிற வேலை கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். நான் அவசர அவசரமாக “கம்ப்யூட்டர் எடும்மா” என்பேன். அடுத்து வருகிறவனுக்கும் அதையேதான் சொல்வேன். பெற்றோர் எல்லாரும் திருப்தி. தலைமையாசிரியை கூட்டத்தில் என்னைப் பாராட்டிப் பேசினார். பிள்ளைகள் மட்டும் எழுந்து போகும்போது என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆகவே, என் மேல் உனக்கு இருக்கிற பயம் இனி தேவையில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சின்னவள் செய்கிற அந்த முகங்கள் யாருடையவை?

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

யாருடைய முகம் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன், அவளுடைய கணக்கு டீச்சர், எதிர்வீட்டுப் பாட்டுக்கார அம்மா. என்னையும் செய்திருக்கிறாள். நெற்றியைச் சுருக்கி யாரையோ அதட்டப்போகிற மாதிரி இருக்கிறேன். “இப்படியா இருக்கேன்?” என்றேன். “பெரும்பாலும்” என்றாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் ஒன்று நடக்கிறது. அதை எழுத எனக்கு வேறு ஆள் கிடையாது.

சின்னவள் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்துதான் களிமண் பிசைவாள். வேலை முடிந்ததும் கைகாலைக் கழுவிவிட்டு ஈரக் காலோடு உள்ளே வருவாள். பெரியவனுடைய அறையைத் தாண்டித்தான் அவள் அறைக்குப் போக வேண்டும். சிமெண்ட் தரையில் தடம் விழும், காயும். இதுவரை யாரும் அதைக் கவனித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவள், பெரியவனைப் பெற்றவள், அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டாள். பெரியவன் அறை வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் மிதிக்கக் கூடாதென்று சுற்றிச் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தாள். “வந்துட்டுப் போயிருக்கான்” என்றாள். சத்தமாகக்கூட இல்லை. பால்காரர் வந்துவிட்டுப் போனார் என்கிற மாதிரி சொன்னாள். சின்னவள் களிமண் ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சொல்லிவிடட்டுமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அன்றைக்கு இவள் ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவளுக்கு ஜுரம். களிமண் பக்கமே போகவில்லை. ஆனாலும் தடம் இருந்தது. அவளுடைய சின்னக் காலின் தடம் இல்லை. நீளமாக, அகலமாக, ஓர் ஆம்பளையின் காலளவுக்கு இருந்தது. நான் மெஷின்களோடு பழகுகிறவன், பேய் பிசாசு கதையெல்லாம் எனக்கு ஆகாது. இருந்தாலும் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு போய், பிறகு துடைக்காமலே திரும்பி வந்தேன்.

சரி, ஒரு கேள்வி. சண்டைக்காகத்தான் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முகம் செய்கிறவளுக்கு இந்த உலகத்தில் யார் வேலை கொடுக்கிறார்கள்? ஓர் இடத்தைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தில் அந்தத் தடம் பற்றி எழுதிய பக்கத்தை நான் ஒரு தடவைதான் படித்தேன். மறுபடி படிக்கத் தைரியம் இல்லை.

நீ சண்டைக்குக் கேட்டாய். நான் நிஜமாகவே விசாரித்தேன். கூசாமல் கதவு கதவாகத் தட்டி விசாரித்ததில், பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. கிடைத்ததை உள்ளபடியே எழுதுகிறேன், சர்க்கரை தடவவில்லை.

சிலை, சிற்பம் என்று தனியாகப் பிழைப்பது கஷ்டம். எனக்குத் தெரிந்து அதில் நிலைத்தவர்கள் வேறொரு வேலையும் பார்க்கிறார்கள். பொம்மைத் தொழிற்சாலையில் முன்பெல்லாம் கையால் மாதிரி செய்தார்கள், இப்போது பாதிக்கு மேல் கம்ப்யூட்டரில். சினிமா ஒப்பனைக்கு ஆள் வேண்டும், ஆனால் வேலை இருக்கிற மாதம் இருக்கும், இல்லாத மாதம் இல்லை. அவள் சாயங்காலம் வீட்டுக்கு வரவும் முடியாது.

பிறகு ஒரு பல் டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் என்னைத் தன் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள் தம்பி. எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பல் வைக்க முடியாதாம், பக்கத்துப் பல்லைப் பார்த்து அதன் சாய்வு, தேய்மானம், நிறம் எல்லாம் ஒத்துவர வேண்டுமாம். நல்ல கை உள்ள ஆள் கிடைப்பதில்லை என்று புலம்பினார். அவர்தான் இன்னொன்றும் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிகளில் செயற்கை உறுப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கும். தீயிலோ புற்றுநோயிலோ காதையும் மூக்கையும் கண்ணையும் இழந்தவர்களுக்குச் சிலிகானில் செய்து கொடுக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது, தரைத்தளத்துக்குக் கீழே.

இது அவளுக்கு ஏற்றது என்று நான் சொல்லவே மாட்டேன். அவளுக்குக் களிமண் பிடிக்கும். காதில்லாத ஒரு மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பிடிக்குமா? அது வேறு விஷயம். அது அவளுக்கே தெரியாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும். அக்கவுண்ட்ஸும் அப்படித்தான். உன் கம்பெனிக் கணக்குப் பிரிவில் அவள் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறாளா? அங்கேயும் கூட்டிக்கொண்டு போ. இங்கேயும் கூட்டிக்கொண்டு போ. பிறகு அவள் வாயைத் திறந்து சொல்லட்டும்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

நீ நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷமாக இரு.

சனிக்கிழமை ஒரு கட்டடத்தில் கரண்ட் இல்லாததால் லிஃப்ட் சோதனையை நிறுத்திவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். இவள் சின்னவளின் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஸ்டூல். ஸ்டூலில் ஒரு தலை. அதன் மேல் ஈரமான வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. துணி முகத்தோடு ஒட்டியிருந்தது. நெற்றி, மூக்கு, மேலுதடு எல்லாம் துணிக்கு மேலே தெரிந்தன. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷமாக நான் ஒரு போனுக்காகக் காத்திருக்கிறேன் அக்கா. கிடைத்துவிட்டான், வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று யாராவது கூப்பிடுவார்கள். ஓர் அறைக்குப் போவேன். துணியை விலக்குவார்கள். எத்தனை தடவை அந்த அறைக்குள் போய்வந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. லிஃப்டுக்குள் நிற்கும்போது, பல் தேய்க்கும்போது. அது என் வீட்டிலேயே இருக்கும் என்று நினைக்கவில்லை.

“துணி போட்டு மூடலைன்னா காய்ஞ்சு வெடிச்சிடும்பா” என்றாள் சின்னவள். அவள் குரல் எங்கேயோ இருந்து கேட்டது. இவள் எழுந்து துணியை விலக்கினாள். அவன்தான்.

அவனேதான் அக்கா. சிரிப்பதற்கு முன்னால் வாயை ஒரு பக்கம் இழுப்பானே, அது வரைக்கும்.

இவள் என்னைப் பார்த்து அமைதியாகச் சொன்னாள், “காதுதாங்க சரியா வரலை. இடது காது கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும்ல?” நான் வலது காது என்றேன். சின்னவள் இரண்டும் ஒரே மாதிரிதான் என்றாள். போட்டோக்களை எடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் முடி காதை மூடியிருந்தது. முடி வெட்டிக்கொள் என்று நான் அவனை எத்தனை திட்டு திட்டியிருப்பேன். மூன்று பேர் உட்கார்ந்து, கூடவே வாழ்ந்த ஒருத்தனின் காது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியாமல் விழித்தோம்.

எனக்கு என்ன ஆயிற்றோ, அதை உடைத்துவிட வேண்டும் என்று கையை ஓங்கிவிட்டேன். சின்னவள் குறுக்கே வந்து நின்றாள்.

“எனக்கு அவன் முகம் மறந்துக்கிட்டே வருதுப்பா. கண்ணை மூடினா மூக்கு வருது, வாய் வர மாட்டேங்குது. முழுசா போறதுக்குள்ள செஞ்சிடணும்.”

“ஈரத் தடமும் நீதானா?” என்றேன், தாழ்ந்த குரலில், இவளுக்குக் கேட்காமல்.

“அவன் செருப்பைத் தண்ணில நனைச்சுப் போட்டுட்டு நடந்தேன். தடம் இருக்கிற நாள்ல அம்மா சாப்பிடறாங்க.” பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “அக்கவுண்ட்ஸ் போக மாட்டேன்” என்றாள்.

பெரியவனும் இப்படித்தான் என் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அவனுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது நீ. பிடித்ததைச் செய் என்று சொல்லிச் சொல்லி அவனைத் தண்ணீருக்குள் அனுப்பியது நீ. அவன் கம்பெனிக்காரர்கள் முதலில் கூப்பிட்டதும் உன்னைத்தான். பெற்றவன் நான் இருக்கும்போது அவன் ஏன் உன் நம்பரைக் கொடுத்திருந்தான்? அதற்கு மட்டும் பதில் சொல்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

‘நீ’ என்று எழுதிவிட்டாய். சரி.

இதை எழுதாமலே இருந்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். உன் கோபத்தை என் மேல் வைத்துக்கொண்டு நீ நிம்மதியாக இருக்கிறாய் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் இப்போது அந்தக் கோபம் சின்னவள் தலையில் இறங்குகிறது. அதனால் எழுதுகிறேன்.

அவனுக்குப் பிடித்தது கடலடியில் வெல்டிங் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க அவனுக்கு ஆசை. பயந்து அலறுகிற பிள்ளையின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து மிதக்க வைப்பதை என்னிடம் நடித்துக் காட்டினான். உன்னிடம் சொன்னானாம். “அது ஒரு வேலையா? பொழுதுபோக்குக்கு வச்சுக்கோ” என்றாயாம். அதை அவன் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு என்னிடம் கேட்டான். “அத்தை, தண்ணிலயே இருக்கணும். ஆனா அப்பா அதை வேலைன்னு ஒத்துக்கணும். அப்படி ஏதாவது இருக்கா?”

இருந்தது. துறைமுகக் கம்பெனிகள் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தன. அதிலுள்ள ஆபத்தை எல்லாம் சொன்னேன். அவன் ஏற்கெனவே படித்துவிட்டுத்தான் வந்திருந்தான். கொஞ்சம் தனக்காக, கொஞ்சம் உனக்காக என்று தேடித் தேடி அதைக் கண்டுபிடித்தான். எல்லாப் பெற்றோரும் என்னிடம் கேட்கிற அந்தச் சமரசம் அதுதான். ஆசையும் நிறைவேற வேண்டும், வேலையும் கிடைக்க வேண்டும். பேனாவும் தாளுமாக உட்கார்ந்து பார்த்தால் ரொம்பப் பொருத்தமாகத்தான் இருந்தது.

என் நம்பரைக் கொடுத்த காரணம் இதுதான்: வீட்டுப் போனை முதலில் எடுப்பது அம்மா. ஏதாவது ஒன்றென்றால் அவள் தனியாக நின்று கேட்கக் கூடாது என்று நினைத்தான். அவனே சொன்னான். அந்த வயதில் அதையெல்லாம் யோசித்திருக்கிறான்.

இப்போது இதைப் படித்துவிட்டு, அவனை அனுப்பியது நீதான் என்று நான் குற்றம் சொல்வதாக நினைக்காதே. அதற்காக இதை எழுதவில்லை. மேலே படகில் காற்றுக் குழாயைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை. விசாரணையில் தெளிவாக வந்தது, உனக்கும் தெரியும். அந்தப் படகில் நீயும் இல்லை, நானும் இல்லை. நீ சொன்னது, எல்லா வீட்டிலும் எல்லா அப்பாக்களும் சொல்கிறதுதான்.

நமக்கு மிச்சமிருப்பது சின்னவள். அவளும் உனக்காகவென்று ஒன்றைத் தேட ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

அக்கா


மே 20

தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது. ஒரு வரியும் இல்லை. போன் செய்யாதே என்றாய், செய்யவில்லை. தினமும் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு அழித்துவிடுகிறேன்.

நான் எழுதியது தப்பென்றால் தப்பென்று எழுது. வெறும் தாளையாவது மடித்து அனுப்பு. நீயும் அவர்களும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அக்கா


ஜூன் 11

அக்கா,

உன் கடிதத்தை ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மெஷின் அறைக்குள் உட்கார்ந்து படித்தேன். கீழே யாரோ பட்டனை அழுத்தினால் மேலே மோட்டார் சுற்றும், கேபிள் ஓடும். படித்து முடிக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. உன்னை அடியோடு வெறுத்தேன். பொய் சொல்கிறாய் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஞாபகம் வந்துவிட்டது. நான் சமையலறை ஸ்விட்ச் போர்டைக் கழற்றிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் வந்து நின்று சொன்னான். “அது ஒரு வேலையா?” என்றேன். நான் சொன்னது, என் குரல், கையிலிருந்த டெஸ்டர், எல்லாம் நினைவிருக்கிறது. அவன் முகம் எப்படி மாறியது என்று மட்டும் தெரியவில்லை. நான் திரும்பியே பார்க்கவில்லை அக்கா.

அதனால்தான் எழுத முடியவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை. சின்னவளிடம் மட்டும், “ஒரு இடத்துக்குப் போகலாம், வா” என்றேன்.

முதலில் எங்கள் கணக்குப் பிரிவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். முழு நாளும் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், “எல்லாரும் நல்லவங்கப்பா. ஆனா யாரும் கையை உபயோகிக்கவே இல்லை” என்றாள்.

அப்புறம் ஆஸ்பத்திரி. படியிறங்கிப் போனால் ஒரு நீள வராந்தா, பாதி டியூப்லைட் எரியவில்லை. கடைசி அறைக் கதவைத் திறந்தால் டிரேயில் காது காதாக அடுக்கியிருக்கிறது. மூக்குகள் தனியாக. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கண்கள், எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அங்கே இருந்த டெக்னீஷியன் அம்மா வளவளவென்று பேசுகிற ரகம். “பயப்படாதீங்க சார், இவங்க யாரும் கடிக்க மாட்டாங்க, பல்லெல்லாம் அடுத்த ரூம்ல” என்றார்.

ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர் வந்தார். எஞ்சினில் தீப்பிடித்து ஒரு பக்கக் காதும் கன்னமும் போய்விட்டன. கட்டைப் பிரித்தபோது காது இருந்த இடத்தில் ஒரு துளை மட்டும் இருந்தது. சின்னவள் எழுந்து வெளியே ஓடி, வராந்தா ஓரத்தில் வாந்தி எடுத்தாள். “என்னால முடியாதுப்பா, வீட்டுக்குப் போகலாம்” என்று அழுதாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அவள் தலையைத் தடவிக்கொண்டே, மறுநாளே அக்கவுண்ட்ஸுக்குச் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் குளித்து உடுத்தி வாசலில் நிற்கிறாள். “எங்கே?” என்றேன். “நேத்து அவர் காது பாதிதான் ஆச்சு. மிச்சம் எப்படி வருதுன்னு பார்க்க வேண்டாமா?” என்றாள்.

அந்த வாரம் முழுக்கப் போனோம். அந்த டிரைவர் தன் நல்ல காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டெக்னீஷியன் அம்மா அதைப் பார்த்துப் பார்த்து மெழுகில் அதற்கு ஜோடியைச் செய்வார். சின்னவள் மூச்சு விடாமல் பார்ப்பாள். சிலிகானுக்கு நிறம் ஏற்றுகிற நாளில், “விளிம்புல இன்னும் கொஞ்சம் சிவப்பு வேணும், அவருக்கு வெளிச்சம் பின்னாடியிருந்து வந்தா அங்கே சிவந்து தெரியுது” என்றாள். அந்த அம்மா பிரஷை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

காதைப் பொருத்தியதும் டிரைவர் கண்ணாடியில் முகம் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். “நிக்குதும்மா” என்றார். அத்தனை நாளும் ஒரு பக்கம் கயிறு கட்டி மாட்டிக்கொண்டிருந்தாராம். மூக்குக்கண்ணாடி நிற்கக் காது வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வேலை நிலவரத்தை அந்த அம்மாவிடம் வெளிப்படையாகவே கேட்டேன். அவரும் மறைக்கவில்லை. “இங்கே நாங்க நாலஞ்சு பேர்தான் சார். யாராவது ரிட்டயர் ஆனாத்தான் அடுத்த ஆளு. இதை மட்டும் நம்பி வராதே பொண்ணே. பல் லேப் படிப்பைப் படி. அது எந்த ஊருக்குப் போனாலும் வேலை. அதுல கை படிஞ்சதும் இதுக்கு மேல்பயிற்சி இருக்கு, அப்ப இந்தக் கதவைத் தட்டு.” சின்னவள் யோசித்தாள். பல் லேபிலும் போய் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு, “பல் கொஞ்சம் போர்தான். ஆனா மெழுகு நல்லா இருக்கு” என்றாள். சேர்த்துவிட்டேன். வகுப்பு அடுத்த மாதம் ஆரம்பம்.

இவள்தான் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவள் அந்தத் தலையின் முன்னால் உட்கார்வதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு நாள் சின்னவள் துணியை நனைக்கப் போனபோது, “போதும் விடு, காயட்டும்” என்றாள். சின்னவள் துணியைக் கீழே வைத்தாள். இவள் அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டு, “அவன் செருப்பையும் இனிமே நனைக்காதே. வழுக்கி விழுந்து வைப்பே” என்றாள். எப்போதிலிருந்து அவளுக்குத் தெரியும் என்று நாங்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தலை காய்ந்து நெற்றியில் வெடித்துவிட்டது. அதை இவளும் சின்னவளும் சேர்ந்து பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். தண்ணீருக்குள் அவன் முகம் கரைவதைப் பார்க்க முடியாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

கேட்காமல் விடமாட்டேன் என்றிருந்த ஒன்றை இப்போது கேட்கிறேன். கல்லூரியில் சேர்த்துவிட்டு பஸ்ஸில் வரும்போது சின்னவள் என்னிடம், “நீங்க என்ன ஆகணும்னு நினைச்சீங்கப்பா?” என்றாள். லிஃப்ட் கம்பெனி அப்பாவின் சிநேகிதர் சொல்லிச் சேர்ந்தது. அதற்கு முன்னால்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஸ்டாப்பே வந்துவிட்டது, ஒன்றும் வரவில்லை. எனக்கும் ஏதோ ஒன்று இருந்திருக்கும்தானே? உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். சமையல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பையன் வந்தான், அவன் அப்பாவோடு. வழக்கம்போல கம்ப்யூட்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். நாற்காலியில் பெரியவன்தான் இருந்தான், ஈரத் தலையோடு. இந்தத் தடவை நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவனையும் உட்கார வைத்துக்கொண்டே அந்தப் பையனோடு பேசினேன். எந்த ஹோட்டல் சமையலறையிலாவது ஒரு வாரம் பாத்திரம் கழுவிவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்றேன். அப்பாவுக்குக் கோபம். பையன் போகும்போது திரும்பிப் பார்த்தான்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டு நாளாக வேறெதுவும் ஓடவில்லை எனக்கு. உனக்கு அம்மை போட்டிருந்தது நினைவிருக்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் அடி வாங்கியது நினைவிருக்கிறது. விசில் நன்றாக அடிப்பாய். மழை வந்தால் ஜன்னலை விட்டு நகரமாட்டாய். நீ சொன்னதெல்லாம், செய்ததெல்லாம் வரிசையாக வருகிறது. என்ன ஆகப்போகிறேன் என்று நீ சொன்னதாக மட்டும் ஒன்றுமே இல்லை.

நீ மறக்கவில்லை தம்பி. உன்னிடம் யாரும் கேட்கவே இல்லை. அப்பா கேட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும், நம் வீட்டில் இருந்தது இரண்டே அறை. நானும் கேட்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் உட்கார வைத்துக் கேட்பதைத் தொழிலாகவே செய்கிறேன். உன்னிடம் கேட்கத் தோன்றியதே இல்லை.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, எனக்கு வழி தெரியும். வந்து, சாப்பிட்டு முடித்து, எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகு, உன் எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்கிறேன். உடனே சொல்ல வேண்டும் என்று இல்லை.

அக்கா